எந்தக் கை?

கேள்வி: எனக்கு 26 வயது. காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறோம். இந்த வருடம்தான் முதல் முறையாக சைக்கிள் பந்தயங்களில் ஓட்டினேன். கோவை, சென்னை என்று மொத்தம் 7. ஞாயிறுகளில் பிளஸ் டூ படிக்கும் தம்பி அடுப்பைப் பார்த்துக்கொள்வான். இரண்டு பந்தயங்களில் பாதியிலேயே பின்தங்கிவிட்டேன். மற்றவற்றில் என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் கடைசி நேரத்தில் தாண்டிப் போய்விட்டார்கள். கடைசிப் பந்தயத்துக்கு முந்தின வாரம் தம்பி கையில் எண்ணெய் கொட்டிவிட்டதால் மனமும் ஒரு நிலையில் இல்லை. அடுத்த வருடமும் ஓட்டலாமா, விட்டுவிடலாமா?

பதில்: நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்திலும் தம்பி கைக்கு ஒரே வரி, அதுவும் நீங்கள் தோற்றதற்குச் சாக்காக! எந்தக் கை? உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினார்களா, பற்பசையை அப்பினார்களா? எழுதுகிற கை என்றால் பரீட்சை என்ன ஆவது?

தேன்குழல் பிழிந்த கை என்னுடையது. மாவு கொஞ்சம் இறுகினாலும் அச்சை இரண்டு கையாலும் அழுத்த வேண்டும், உடம்பு தானாகச் சட்டிப் பக்கம் சாயும். கரண்டியின் பின்பக்கத்தில் பிழிந்து மெதுவாக எண்ணெயில் சரித்துவிட்டால் பயமில்லை. இதை அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுத்தீர்களா?

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சம். ஆடிக் காற்றில் குன்றக்குடி தாண்டி மேற்கே மிதித்திருந்தால் உங்களுக்கே தெரியும். அரை நிமிடம் இழுத்துவிட்டு ஒதுங்கி, அடுத்தவரை முன்னால் விட வேண்டும். முழுத் தூரமும் நீங்களே இழுத்துவிட்டுத் தாண்டிவிட்டார்கள் என்று புலம்பினால் யார் என்ன செய்ய முடியும்?

பந்தயத்தில் உங்களுக்குக் கைவராத அந்த வித்தையை வீட்டில் மட்டும் நன்றாகவே பழகியிருக்கிறீர்கள். ஒரு வருடமாகத் தம்பி எதிர்காற்றில் மிதிக்கிறான், நீங்கள் அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறீர்கள். அவன் எப்போது ஒதுங்குவது? 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தவர்கூடப் பரிசுப் பணத்தைத் தன் அணியில் ஓட்டியவர்களோடு பங்கிட்டுக்கொள்வது வழக்கம். கோவையிலிருந்து திரும்பும்போது தம்பிக்கு என்ன வாங்கி வந்தீர்கள்?

நான் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவள், பழைய மனுஷி என்று சொன்னாலும் சரி. ஒரே உலைச் சோறு தின்கிற வீட்டில் ஒருத்தர் ஆசைக்கு இன்னொருத்தர் தோள் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மூத்தவன் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

மார்ச்சில் அவனுக்குப் பரீட்சை. அதுவரை ஞாயிற்றுக்கிழமை அடுப்பு உங்களுடையது. விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பினால் திருப்பத்தூர் சாலையில் ஓட்டிவிட்டு வந்தே சட்டி ஏற்றலாம். பரீட்சை முடிந்ததும் அடுத்த வருடம் எத்தனை பந்தயத்துக்குப் போகட்டும் என்று அவனையே கேளுங்கள். மூன்று என்றால் மூன்றுதான், பேரம் பேசக்கூடாது. அப்புறம் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எந்தக் கை என்பதையும் சேர்த்து.