கோடையில் ஓயாத மழை: உலர்புல், மேய்ச்சல் நிலம் – கேள்வி பதில்

கேள்வி: அறுத்துப் போட்ட புல் இரண்டு முறை நனைந்துவிட்டது. இனி தேறுமா?

எப்போது நனைந்தது என்று பாருங்கள். அறுத்த அன்றே, பச்சையாகக் கிடக்கும்போது பெய்த மழை அவ்வளவாகக் கெடுக்காது. முக்கால்வாசி காய்ந்தபின் பெய்தால்தான் சர்க்கரைச் சத்து கரைந்து போகும், புரட்டும்போது இலையும் உதிரும். பூஞ்சணம் இல்லையென்றால் பால் வற்றிய மாடுகளுக்குப் போடலாம். கறவைக்கு அது போதாது.

கேள்வி: அடுத்த மழை வருகிறது. லேசான ஈரத்தோடு கட்டிவிடட்டுமா?

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். சின்னக் கட்டென்றால் ஈரம் 18 சதவீதத்துக்குள், பெரிய உருளைக் கட்டென்றால் 15-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேறும். ஏற்கெனவே அடுக்கிவிட்டீர்கள் என்றால் முதல் ஆறு வாரம் அசந்துவிடாதீர்கள். நீளமான வெப்பமானியைப் போரின் நடுவில் செருகித் தினமும் பாருங்கள். 55 டிகிரி செல்சியஸ் தாண்டினால் நாளுக்கு இரண்டு முறை, 65 தாண்டினால் சில மணிக்கு ஒரு முறை. 80-ஐ நெருங்கினால் போரைப் பிரிக்கவே கூடாது. காற்று புகுந்த நொடியில் பற்றிக்கொள்ளும். தீயணைப்பு வண்டி வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மேலே ஏறியும் பார்க்காதீர்கள், உள்ளே எரிந்து குழிவிழுந்திருக்கலாம்.

கேள்வி: காயவே விடாத மழைக்கு என்னதான் வழி?

ஊறுகாய்ப் புல், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் புல் (சைலேஜ்). ஒரு நாள் வாடவிட்டு, ஈரம் 40 முதல் 60 சதவீதம் இருக்கும்போதே இறுக்கிக் கட்டி, அன்றைக்கே பிளாஸ்டிக் தாளை ஆறு சுற்றாவது சுற்றிவிடுங்கள். ஓட்டை தெரிந்தால் உடனே ஒட்டுங்கள். அறுக்கும்போது கொஞ்சம் உயர்த்தி அறுங்கள். மண் கலந்தால் லிஸ்டீரியா கிருமி வரும், ஆடுகளை அது மோசமாகத் தாக்கும்.

கேள்வி: பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் குதிரைக்குப் போடலாமா?

கூடாது. உதறிப் போட்டாலும் கூடாது. அந்தத் தூசு குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும், உதறுகிற உங்களுடையதையும்தான்.

கேள்வி: நிலம் முழுக்கச் சேறு. மாடுகளை எங்கே விடுவது?

மேடான ஒரு மூலையை விட்டுக்கொடுங்கள். அது பாழாகட்டும், பிறகு விதைத்துச் சரிசெய்யலாம். எல்லா இடத்திலும் மிதிக்கவிட்டால் மண் இறுகி, அடுத்த வருடமும் புல் தலைதூக்காது. ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். கயிறு போலத் திரண்டால் மாடும் வேண்டாம், டிராக்டரும் வேண்டாம். புல் குறைகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், தெரியும். அந்த நாட்களுக்குச் சேமித்த தீவனத்தைத் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: ஆடுகள் மெலிகின்றன, தாடைக்கடியில் வீக்கம். மழைதான் காரணமா?

ஈரல் புழுவாக இருக்கலாம், குடற்புழுவாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மழை தோதானது. ஈரல் புழுவைப் பரப்புவது தேங்கிய தண்ணீரில் பெருகும் நத்தை. சாணத்தைப் பரிசோதிக்கக் கொடுத்து, கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுங்கள். அப்புறம் தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்கு இன்றைக்கே வேலி போட்டுவிடுங்கள்.