பக்கத்து நிலையத்தின் டிஜிட்டல் இரைச்சல்

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். தூரத்து 98.3 எஃப்.எம். நிலையத்தைக் கேட்டால் 'உஸ்ஸ்' என்றே இருக்கிறது. உள்ளூர் 98.1 மட்டும் கணீரென்று கேட்கிறது. ரேடியோ பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. 98.1-க்கு மறுபக்கமான 97.9-க்கும் திருப்பிப் பாருங்கள். அங்கும் பேச்சோ பாட்டோ கலக்காத அதே சீரான இரைச்சல் இருந்தால், உள்ளூர் நிலையத்தின் எச்.டி. ரேடியோ (வழக்கமான அனலாக் ஒலிபரப்போடு சேர்த்து அனுப்பும் டிஜிட்டல் ஒலிபரப்பு) அலைதான் காரணம். அமெரிக்காவில் நிலையங்களுக்கு இடைவெளி 200 கிலோஹெர்ட்ஸ். டிஜிட்டல் பட்டைகளோ மையத்திலிருந்து இருபுறமும் சுமார் 129 முதல் 198 கிலோஹெர்ட்ஸ் வரை உட்காருகின்றன; அதாவது நீங்கள் கேட்கும் நிலையத்தின் மடியிலேயே! முதலில் அனலாக் சக்தியில் 1 சதவீதமாக இருந்த டிஜிட்டல் சக்தியை, நிபந்தனைகளோடு 10 சதவீதம் வரை உயர்த்த 2010-ல் எஃப்.சி.சி. (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) அனுமதித்தது.

சிலர் ரேடியோவுக்குள் குறுகிய செராமிக் ஃபில்டர் (வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும் பாகம்) மாற்றச் சொல்வார்கள். இங்கே பெரிதாகப் பயன்படாது. இரைச்சல் ஃபில்டருக்கு உள்ளேயே விழுகிறதே. (98.1-ஐ ஸ்டீரியோவில் கேட்கும்போதே இரைந்தால், அதற்கு 150 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் உதவும்.)

முதலில் ஸ்டீரியோவிலிருந்து மோனோவுக்கு (ஒற்றை ஒலித்தடத்துக்கு) மாற்றுங்கள். இரைச்சல் நன்றாகவே தணியும். அடுத்து, சுழற்றக்கூடிய யாகி ஆன்டெனா (ஒரு திசை அலையை மட்டும் வலுவாகப் பிடிப்பது). தூரத்து நிலையத்தை நோக்கித் திருப்புவதோடு விடாமல், உள்ளூர் நிலையம் மிகவும் மங்கும் கோணத்தை மெல்லத் தேடுங்கள். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் ஆன்டெனாவுக்குச் செலவழிக்க வேண்டாம்.