அஷர் சீரிஸ் குழப்பத்துக்கு

ப்ரோ, 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்' நெட்ஃப்ளிக்ஸ் சீரிஸ் ரெண்டு எபிசோட் பாத்தும் எது எப்போ நடக்குதுன்னே புரியலைன்னு கேட்டிருந்தீங்க, எனக்கும் அதே கதிதான். ஒண்ணை மட்டும் புடிச்சுக்கோங்க, இடிஞ்ச வீட்டுல உக்காந்து அஷர் குடும்பத் தலைவர் ரோட்ரிக், அரசு வக்கீல் டூபன்கிட்ட பேசுறதுதான் 'இப்போ', மத்ததெல்லாம் பெரும்பாலும் அவர் சொல்ற பழைய கதை, 1979 கடைசி ராத்திரி பார் சீனும் அதுல ஒண்ணு. ரோட்ரிக்கோட புள்ளைங்க ஆறு பேரும் செத்துட்டாங்கன்னு முதல் எபிசோட்லயே சொல்லிடுறாங்க, அதனால கொலைகாரனைத் தேடாதீங்க, ஏன் செத்தாங்கன்னு பாருங்க. ரெண்டாவது எபிசோட்ல வர்ற பார்ட்டில ஆசிட் மழை கொட்டுதே, அதுக்கு முன்னாடி வேலைக்காரங்கள மட்டும் ஒரு பொம்பள வெளிய போகச் சொல்றா பாருங்க, ரீவைண்ட் பண்ணிப் பாருங்க. அவ பேரு வெர்னா, இங்கிலீஷ் எழுத்த மாத்தி அடுக்குனா ரேவன், அதான் அண்டங்காக்கா (எனக்கே லேட்டாதான் உறைச்சுது). மொத்தமே 8 எபிசோட்தான், விட்டுடாதீங்க.