அண்ணனா, கோலாலம்பூர்க்காரரா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். 2009இல் பட்டர்வொர்த்தில் ராக் பேண்ட் ஆரம்பித்தோம், தமிழிலும் மலாயிலும் சொந்தப் பாட்டு பாடுகிறோம். எங்கள் கிட்டாரிஸ்டின் அண்ணன்தான் முதல் நாளிலிருந்து மேனேஜர். வேன் ஓட்டியது, ஷோ பிடித்தது, பணம் வசூலித்தது எல்லாம் அவரே. எழுத்தில் எதுவும் கிடையாது. இப்போது கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், எல்லா வருமானத்திலும் 20 விழுக்காடு, பேண்டின் பெயரைத் தன் கம்பெனியில் பதிய வேண்டும் என்கிறார். சிங்கப்பூர், சென்னை மேடைகள் கிடைக்கும் என்கிறார். அண்ணனை விட்டுவிட்டால் துரோகம் ஆகாதா? — பேஸ் வாசிப்பவர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, துரோகம் இருக்கட்டும். அண்ணன் இன்றைக்கு உங்களுக்காக என்னென்ன வேலை செய்கிறார் என்று ஐந்து பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் 2009இல் அவர் செய்தது இருக்கிறது, இப்போது செய்வது இல்லை. பேண்டுக்கு வயது ஏற ஏற மேனேஜர் வேலையும் வேறாகிவிடும். ஒரே ஆள் கடைசிவரை எல்லாவற்றையும் பார்த்த பேண்டுகள் உண்டு, அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் பேண்டுக்கு 1979இலிருந்து ராட் ஸ்மால்வுட்தான், ஆனால் அப்படி அமைவது அபூர்வம்.

பீட்டில்ஸ் கதையைப் பாருங்கள். பிரையன் எப்ஸ்டைன் லிவர்பூலில் குடும்பத்தின் இசைத்தட்டுக் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தவர், அதற்கு முன் எந்த பேண்டுக்கும் மேனேஜராக இருந்ததில்லை. பையன்களுக்குக் கோட்டு சூட்டு போட்டுவிட்டார், கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி ரெக்கார்ட் ஒப்பந்தம் வாங்கினார். 1962இல் மேனேஜர் வேலை என்றால் அவ்வளவுதான், அதை அவரைவிட நன்றாக யாரும் செய்திருக்க முடியாது. அடுத்த ஆண்டே பீட்டில்ஸ் பெயர் போட்ட பொம்மை, விக், சட்டை என்று பெரிய வியாபாரம் முளைத்தது. அதன் உரிமையை வெளியாருக்குக் கொடுத்தபோது 90 விழுக்காடு அவர்களுக்கு, 10 விழுக்காடு நமக்கு என்று ஒத்துக்கொண்டார்! ஏமாற்ற நினைத்த மனிதர் இல்லை, பையன்கள் மேல் உயிராக இருந்தவர். வேலை மாறிப்போனது, அவருக்கு அது பிடிபடவில்லை. 1967இல் 32 வயதில் அவர் இறந்ததும் அடுத்த மேனேஜர் யார் என்பதிலேயே நால்வருக்கும் ஒத்துப்போகவில்லை. மூன்று பேர் ஆலன் கிளைன் வேண்டும் என்றார்கள், பால் மெக்கார்ட்னி தன் மாமனார் வீட்டாரைக் கொண்டுவரப் பார்த்தார். 1970 கடைசியில் விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. உங்கள் கதையிலும் சொந்தபந்தம் இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

ரோலிங் ஸ்டோன்ஸ் பக்கம் வந்தால் ஒரே பேண்டுக்கு மூன்று வகை ஆட்கள். முதலில் ஆண்ட்ரூ ஓல்டம், அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை, 'பீட்டில்ஸ் நல்ல பிள்ளைகள், இவர்கள் முரட்டுப் பிள்ளைகள்' என்று ஊருக்குக் காட்டியதே அவருடைய சாமர்த்தியம். அடுத்து அதே கிளைன், ரெக்கார்ட் கம்பெனியை மிரட்டிப் பெரிய பணம் வாங்கித் தந்தார், ஆனால் அறுபதுகளின் பாட்டுகளுக்கான உரிமை எல்லாம் அவருடைய ஆப்கோ கம்பெனிக்குப் போய்விட்டது. அதன்பின் ரூபர்ட் லோவன்ஸ்டைன் என்ற வங்கிக்காரர். ராக் இசையே பிடிக்காத மனிதர், வரிக் கணக்கும் சுற்றுப்பயணக் கணக்கும் பார்த்து 2007வரை கூடவே இருந்தார். குவீன் பேண்டுக்கும் அப்படித்தான், 1978இலிருந்து பொறுப்பைப் பார்த்த ஜிம் பீச் அடிப்படையில் ஒரு லாயர். பேண்டுக்கு வயதானால் பாட்டு பிடித்த ஆளைவிடப் பத்திரம் படிக்கத் தெரிந்த ஆள் அதிகம் தேவைப்படுகிறார், கேட்கச் சங்கடமாக இருந்தாலும் அதுதான் நடக்கிறது.

அந்தக் கோலாலம்பூர்க்காரர் கேட்பதில் எனக்கு உறுத்துவது பெயர் விஷயம்தான். ஃபிளீட்வுட் மேக் என்ற பேண்டுக்கு 1974இல் நடந்தது தெரியுமா? கிளிஃபர்ட் டேவிஸ் என்ற அவர்களுடைய மேனேஜர், இந்தப் பெயர் என்னுடையது என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத வேறு ஆட்களைப் பிடித்து அதே பெயரில் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் அனுப்பிவிட்டார். டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு மேடையில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அசல் ஆட்கள் வழக்குக்கு அலைய வேண்டியதாயிற்று, கடைசியில் டிரம்மர் மிக் ஃபிளீட்வுட் தானே நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். அப்படி வெளியாள் மேனேஜர் இல்லாமல் இருந்த காலத்தில்தான் அவர்களுடைய மிகப் பெரிய ஆல்பம் 1977இல் வந்தது. நம்ம பினாங்கு ஆட்களையே பாருங்கள், டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களின் அலிகேட்ஸ் பேண்ட். 2007இல் லோகநாதன் மறைந்த பிறகும் அந்தப் பெயர் மேடையேறியது. ஆள் போனாலும் நிற்பது பெயர்தான், அதை யாரிடமும் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஐந்து பேரும் சேர்ந்து கம்பெனிப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் ஒரு கம்பெனி பதிந்து, பேண்டின் பெயரை அந்தக் கம்பெனியின் பெயரில் அறிவுசார் சொத்து அலுவலகமான மைஐபிஓவில் வணிகச் சின்னமாகப் பதியுங்கள். புதியவர் வந்தாலும் வராவிட்டாலும் இதை இந்த மாதமே செய்யலாம்.

அடுத்து அந்த 20 விழுக்காடு. அளவு ஒன்றும் அநியாயம் இல்லை, உலகம் முழுக்க 15இலிருந்து 20வரை வாங்குகிறார்கள். எதில் 20 என்பதுதான் கேள்வி. ஒரு ஷோவுக்கு 8,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேன், ஹோட்டல், சவுண்டுக்காரர் என்று 3,000 செலவு. மொத்தத்தில் 20 என்றால் அவருக்கு 1,600, செலவு போக மிச்சத்தில் 20 என்றால் 1,000. ஐந்து பேர் பிரித்துக்கொள்ளும் பணத்தில் அந்த 600 சின்னத் தொகை இல்லை. அவர் வருவதற்கு முன் நீங்கள் போட்ட பாட்டுகளின் ராயல்டியில் அவருக்குப் பங்கு ஏன்? ராயல்டி வசூலித்துத் தரும் எம்ஏசிபி அமைப்பிலிருந்து வருகிற பணம் பாட்டு எழுதியவனுக்கு உரியது, அதை ஒப்பந்தத்தில் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டும் அதிகம். இரண்டு ஆண்டு, இத்தனை வெளிநாட்டு ஷோ பிடித்துத் தந்தால் இன்னும் இரண்டு ஆண்டு என்று பேசிப் பாருங்கள். பிரிந்த பிறகு எத்தனை காலம் அவருக்குக் கமிஷன் போகும் என்பதையும் கேளுங்கள், நிறையப் பேர் அதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

சரி, அண்ணன். பதினைந்து ஆண்டுக்கு மேல் வேன் ஓட்டிய மனிதருக்கு நன்றி மட்டும் சொல்லி அனுப்புவது தப்பு, எல்லா வேலையும் அவர் தலையிலேயே கட்டி வைத்திருப்பதும் தப்பு. பினாங்கு, கெடா, ஈப்போ ஷோக்கள், கல்யாண விருந்துகள், தீபாவளி நேர நிகழ்ச்சிகள், இதெல்லாம் அவர் ஆட்களை வைத்து வருவது, அவரிடமே இருக்கட்டும். அந்த ஷோக்களில் புதியவருக்குக் கமிஷன் கிடையாது, அண்ணனுக்கு உண்டு என்று எழுத்தில் போடுங்கள். யூ2 என்ற நால்வர் பேண்ட் தொடக்க காலத்தில் மேனேஜர் பால் மெகின்னஸையும் சேர்த்து வருமானத்தை ஐந்து சம பங்காகப் பிரித்தார்கள், அவர் 1978இலிருந்து 2013வரை கூட இருந்தார். நீங்கள் சம பங்கு கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை, ஒரு பங்கு என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று, ரெக்கார்ட் கம்பெனி பார்த்த வேலையில் பாதி இப்போது மேனேஜர் தலையில்தான் விழுகிறது. எந்த வெள்ளிக்கிழமை பாட்டை விடுவது, ஸ்பாட்டிஃபையில் யார் ஏற்றுவது, வீடியோ யார் எடுப்பது, எந்த ஊரில் அதிகம் கேட்கிறார்கள் என்று பார்த்து அங்கே ஷோ போடுவது. இதை உங்களில் யார் பார்க்கிறீர்கள்? யூடியூப் சேனல் அண்ணனுடைய சொந்த ஜிமெயிலில் இருக்கிறதா? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், எல்லா பேண்டிலும் அப்படித்தான் இருக்கிறது. மனஸ்தாபம் ஏதும் வருவதற்கு முன் பேண்டின் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் பேசுவதைக் கிட்டாரிஸ்ட் தலையில் கட்டாதீர்கள், அவன் வீட்டில் நோன்பு, பொங்கல் எல்லாம் கெட்டுப்போகும். ஐந்து பேரும் சேர்ந்து போங்கள், கோலாலம்பூர்க்காரரை மறுபடி பார்ப்பதற்கு முன்பே போங்கள். இதுவரை அவர் கைக்காசு எவ்வளவு போட்டார் என்று நீங்களாகவே கேளுங்கள், அந்தக் கணக்கைத் தீர்க்கிற தேதியையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவருக்கே ஓய்வு வேண்டும் என்றிருக்கலாம், யார் கண்டது? கோபப்பட்டால் படட்டும், மூன்றாம் ஆள் வாயால் கேட்டுக் கோபப்படுவதைவிட அது எவ்வளவோ தேவலாம்.

பெயர் விஷயத்தில் கோலாலம்பூர்க்காரர் இறங்கி வரவில்லை என்றால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள், சிங்கப்பூருக்கு வழி அவர் ஒருவரிடம் மட்டும் இல்லை. இறங்கி வந்தால் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு வந்து உங்கள் சொந்த லாயரிடம் காட்டுங்கள், கட்டணத்தை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "லாயர் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி" என்று அவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.