தாழ்ப்பாளும் கதவும் ஒரே சூடுதான்: கேள்வி பதில்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, மார்கழி விடியக்காலம் கதவைத் தொட்டா ஒண்ணும் தெரியல. இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டா சில்லுன்னு இருக்கு. இரும்பு மட்டும் ஏன் இவ்வளவு குளிருது?

பதில்: குளிரவே இல்லை. ராத்திரி முழுக்க ஒரே காத்துல கிடந்த ரெண்டும் ஒரே வெப்பநிலைதான். தெர்மாமீட்டரை ரெண்டுலயும் ஒட்டி அரைமணி நேரம் விட்டுப் பாருங்க. தோல் பொருளோட சூட்டை அளக்கிறதில்லை. தன் சூடு எவ்வளவு வேகமாப் போகுதுன்னுதான் சொல்லும். தோல் 33 டிகிரி, வீடு 25 டிகிரின்னு வச்சுக்கிட்டா, இரும்பைத் தொட்ட கணத்துல தோலோட மேற்பரப்பு 26 பக்கம் இறங்கிடும். மரத்துல 31தான். இரும்பு வாங்கின சூட்டை உடனே உள்ளே தள்ளிடும். மரத்துல தொட்ட இடமே சூடேறி நின்னுடும். தள்ளுற வேலையைச் செய்றது உலோகத்துக்குள்ள திரியுற எலக்ட்ரான்கள். மின்சாரத்தை நல்லாக் கடத்துற உலோகம் சூட்டையும் நல்லாக் கடத்தும்னு வீடமான், ஃபிரான்ஸ்ங்கிற ரெண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் 1853லயே கண்டாங்க.

மேலப்பாளையம்: அலுமினியத் தாள் ஏன் சில்லுன்னு இல்ல?

பதில்: வாங்கி வைக்க உடம்பு வேணும்ல. தாள் உடனே கைச்சூட்டுக்கு வந்துடும்.

அம்பாசமுத்திரம்: எவர்சில்வர் சட்டியில அல்வா கிண்டினா நடுவுல மட்டும் அடிபிடிக்குது.

பதில்: பிடிக்கத்தான் செய்யும். ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியா, மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துல தாமிரம் 400 வாட் சூடு கடத்தும், அலுமினியம் 235, பித்தளை 110 பக்கம், எவர்சில்வர் 15தான். அதுல கலந்த குரோமியம், நிக்கல் அணுக்கள் எலக்ட்ரானை வழியெல்லாம் இடறி விடுது. தீ பட்ட இடம் மட்டும் காயும்; ரசம்னா சுத்திச் சுத்தி வந்து சமாளிக்கும், கோதுமைப்பால் இறுகினப்புறம் நகராது. தடிச்ச அலுமினியம், ஈயம் பூசின தாமிரம் அல்லது பித்தளை உருளி எடுங்க. பூசுறது வெள்ளீயம்தானான்னு கேட்டு வாங்குங்க, காரீயம் விஷம். வெறும் பாத்திரத்தை அடுப்புல ஏத்தாதீங்க: வெள்ளீயம் 232 டிகிரியில உருகிடும்.

தென்காசி: பித்தளைப் பானைத் தண்ணி குளிர்ச்சியா இருக்குமா?

பதில்: இருக்காது. மண்பானைதான், கசியுற தண்ணி ஆவியாகி குளிர்விக்கும். பித்தளைக்கும் ஈயப்பூச்சு வேணும், காரீயம் இல்லாம.

சங்கரன்கோவில்: எங்க பெரியவங்க உலோகத்துக்கே குளிர்ச்சி குணம்பாங்க. நீங்க மறுக்கீங்க.

பதில்: சித்திரை மதியம் இரும்புக் கேட்டைத் தொட்டுச் சொல்லுங்க.

சங்கரன்கோவில்: அது வெயில் பட்டது. நிழல்ல வச்சுப் பேசணும்.

பதில்: சரியான கேள்வி. மரக்கரண்டி, எவர்சில்வர் கரண்டி ரெண்டையும் 50 டிகிரி தண்ணியில 20 நிமிஷம் போட்டு, துடைச்சு ஒரு கணம் தொடுங்க. எவர்சில்வர் சுள்ளுன்னு சுடும், மரம் வெதுவெதுப்பா இருக்கும். குளிர்ச்சி அதோட குணம்னா இது ஏன்? உலோகம் தோலைவிடக் குறைஞ்ச சூட்டுல இருந்தா சூட்டை உருவும், கூடியிருந்தா திணிக்கும். ரெண்டும் வேகம்தான். வீட்டுக்குள்ள 33 டிகிரி இருக்கிற ராத்திரியில தாழ்ப்பாளைத் தொடுங்க, சில்லுன்னே இருக்காது.

சங்கரன்கோவில்: ஆமா, சித்திரையில இருந்ததில்ல. அதை யோசிக்கல.

களக்காடு: அண்ணாச்சி, சிமெண்ட் தரை சில்லுங்குது, பத்தமடைப் பாய் விரிச்சா இல்ல, ஏன்?

பதில்: முதல் பதில். இரும்புக்குப் பதிலா தரை, மரத்துக்குப் பதிலா பாய்.

வள்ளியூர்: ஜன்னல் கம்பி மட்டும் ஏன் குளிருது?

பதில்: முதல் பதிலைப் படிச்சுட்டு வாங்க.