முன்பதிவும் கடன்தான்

கேள்வி: பல ஆண்டுகளாக மாடல் ரயில்கள் சேகரித்து வருகிறேன். ஹெச்.ஓ. அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு அளவில், வீட்டில் ஓர் அறை முழுக்கத் தண்டவாளம் அமைத்து ஓட்டுகிறேன். கண்காட்சி எங்கே நடந்தாலும் போய்விடுவேன். வரவிருக்கும் இன்ஜின்களை நிறுவனங்கள் காட்சிக்கு வைத்திருப்பதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. அங்கேயே முன்பதிவு செய்துவிடுகிறேன். இப்போது ஒன்பது முன்பதிவுகள் நிலுவையில் உள்ளன. மொத்த மதிப்பு என் இரண்டு மாதச் சம்பளம். எப்போதோ பதிவு செய்திருந்த இரண்டு இன்ஜின்கள் சென்ற மாதம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்ததால் கிரெடிட் கார்டில் பணம் கட்டினேன். அதில் அரை மாதச் சம்பளம் பாக்கி நிற்கிறது. மாதச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இதற்கு ஒதுக்க என்னால் முடியாது. இவை பின்னாளில் விலை ஏறும் முதலீடு என்று மனைவியிடம் சொல்கிறேன். அவர் நம்ப மறுக்கிறார். அடுத்த கண்காட்சி நெருங்குகிறது. போகலாமா, வேண்டாமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். கண்காட்சிக்குப் போவதால் உங்களுக்கு ஆகும் செலவு டிக்கெட்டும் பயணமும் தங்கும் அறையும்தான். அதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். கணக்கில் வராமல் நிற்பது அங்கே எழுதிக்கொடுத்துவிட்டு வரும் முன்பதிவுகள். பணம் கைமாறாததால் செலவு செய்த உணர்வே உங்களுக்கு வருவதில்லை. ஆனால் பதிவு செய்த நிமிடமே நீங்கள் கடன்பட்டுவிட்டீர்கள். அதுவும் தவணைத் தேதி தெரியாத கடன். வீட்டுக்கடனுக்குக்கூட எந்தத் தேதியில் எவ்வளவு என்று தெரியும். இதில் தேதியைத் தொழிற்சாலை முடிவு செய்கிறது. அதனால்தான் இரண்டு பெட்டிகள் ஒரே வாரத்தில் உங்கள் வாசலுக்கு வந்தன.

அந்தத் தேதியை ஓரளவு ஊகிக்க வழி இருக்கிறது, அதற்குக் கண்காட்சியைவிட நல்ல இடம் கிடையாது. அடுத்த முறை கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது, உள்ளே இருப்பது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கணினி வரைபடத்தை மட்டும் அட்டையில் அச்சிட்டு வைத்திருந்தால், உற்பத்திக்கான வார்ப்பு அச்சே இன்னும் வெட்டப்படவில்லை என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். உடலின் மேல் மெல்லிய படிக்கோடுகள் தெரிந்தால் அது முப்பரிமாண அச்சுப்பொறியில் (3டி பிரிண்டர்) எடுத்த முன்மாதிரி. அதுவும் தொடக்க நிலைதான். வண்ணம் பூசாத ஒரே நிறப் பிளாஸ்டிக் உடல், ஒரு கைப்பிடிக் கம்பி லேசாக வளைந்திருக்கிறது, மோதலைத் தாங்க முனையில் இருக்கும் பஃபர்களில் ஒன்று பொருத்தப்படவே இல்லை என்றால், அச்சிலிருந்து வந்த முதல் வார்ப்பு அது. திருத்தங்கள் இனிமேல்தான் நடக்கும். நிறமும் எழுத்தும் வண்டி எண்ணும் அச்சிடப்பட்ட மாதிரி வந்திருந்தால் மட்டுமே உற்பத்தி நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். அறிவிப்புக்கும் கடைக்கு வருவதற்கும் இடையே இரண்டு ஆண்டுகள் கடப்பது இத்தொழிலில் அதிசயமில்லை. அரங்கில் நிற்கும் நிறுவனத்தாரிடம் தயங்காமல் கேளுங்கள்: அச்சு வெட்டியாகிவிட்டதா, உற்பத்தி வரிசையில் இடம் கிடைத்துவிட்டதா? பெரும்பாலும் அவர்களும் ரயில் பித்து பிடித்தவர்கள்தான். ஆசையோடு பதில் சொல்வார்கள். கேட்டதை அன்றே குறித்துவையுங்கள்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். ஒன்பது பதிவுகளும் அடுத்த 18 மாதங்களில் வந்து சேரும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10 சதவீதம் என்றால் 18 மாதங்களில் நீங்கள் சேர்ப்பது சம்பளத்தின் 180 சதவீதம். கிரெடிட் கார்டு பாக்கியை வட்டியோடு அடைக்க அதில் முதல் ஆறு மாதங்கள் போய்விடும். மிச்சம் 120 சதவீதம். நிலுவையில் இருப்பதோ 200. ஓர் இன்ஜினுக்குச் சராசரியாக 22 சதவீதம் ஆகிறது. ஐந்து வாங்கினாலே 110 தீர்ந்துவிடும்.

அந்த ஐந்தும் நிலைக்காது, ஏனென்றால் இன்ஜின் தனியாக வருவதில்லை. டிஜிட்டலில் ஓட்டுபவர் என்றால், கட்டளையை வாங்கி இன்ஜினை இயக்கும் டீகோடர் என்ற சிறு மின்னணுப் பலகை வேண்டும். ஒலியோடு வேண்டுமென்றால் இன்னும் கூடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவு, இறக்குமதி வரி, நாணய மாற்று விகிதம் எல்லாம் சேரும். அறிவிப்பு நாளில் சொன்ன விலை வெளியீட்டு நாளில் ஏறியிருக்கவும் கூடும். பிறகு அந்த இன்ஜின் இழுத்த பெட்டிகளை, அதே காலத்து வண்ணத்தில், ஒரு முழு வரிசையாக வாங்காமல் உங்களால் இருக்க முடியாது. இருக்க முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஆகவே நான்கை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தை ரத்து செய்யுங்கள்.

எந்த நான்கு? உங்கள் தண்டவாளத்தில் நீங்கள் காட்டும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்துபவை முதலில். அடுத்து, திரும்பக் கிடைக்காதவை. ஒருமுறை மட்டுமே தயாரிப்போம் என்று நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லும் மாடல்கள் உண்டு. முன்பதிவு எண்ணிக்கையைப் பார்த்தே எத்தனை செய்வது என்று முடிவு செய்பவர்களும் உண்டு. அவற்றுக்காக நீங்கள் படும் பதற்றம் நியாயமானது. ஆனால் எல்லா மாடலும் அப்படியல்ல. ஓர் இன்ஜினுக்கு அச்சு வெட்டுவது பெரிய முதலீடு. அதை மீட்க, அதே உடலை வேறு வண்ணத்திலும் வேறு வண்டி எண்ணிலும் நிறுவனங்கள் மீண்டும் மீண்டும் வெளியிடும். நூற்றுக்கணக்கில் ஓடிய, எல்லோரும் அறிந்த இன்ஜின் வகை என்றால் காத்திருப்பதில் பெரிய இழப்பு இல்லை. ரத்து செய்யும் ஐந்தையும் இந்த வகையிலிருந்தே எடுங்கள். முன்பணம் கட்டாத பதிவுகளை ரத்து செய்வது பொதுவாக எளிது, இன்றே எழுதிவிடுங்கள். பொருள் அனுப்பத் தயாரான பிறகு மறுப்பது கடைக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

முன்பணம் கேட்கும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். முழுத்தொகையையும் முன்னதாகக் கட்டச் சொன்னால் நீங்கள் வாடிக்கையாளர் நிலையிலிருந்து கடன் கொடுத்தவர் நிலைக்கு மாறிவிடுகிறீர்கள். அடமானம் எதுவும் இல்லாத கடன். 1859-இல் தொடங்கிய ஜெர்மனியின் மாடல் ரயில் நிறுவனமான மேர்க்லினே தன் 150-ஆம் ஆண்டான 2009-இல் திவால் மனு கொடுத்தது. அது மீண்டு, 2013-இல் கைமாறி, இன்றும் ரயில் செய்கிறது. எல்லோரும் அப்படி மீள்வதில்லை. பிரிட்டனில் கூட்டு நிதி திரட்டி மாடல் தயாரிக்க முயன்ற டிஜே மாடல்ஸ் 2019-இல் மூடப்பட்டபோது, பணம் கட்டியவர்கள் ரயிலும் இல்லாமல் பணமும் இல்லாமல் நின்றார்கள். போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மேல் யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

முதலீடு என்ற பேச்சில் நான் உங்கள் மனைவி பக்கம். சில அரிய மாடல்கள் விலை ஏறியது உண்மைதான். ஆனால் அதே இன்ஜினை இன்னொரு நிறுவனம் நுணுக்கம் கூட்டிப் புதிய அச்சில் கொண்டுவந்தால், உங்களுடையதன் மதிப்பு சரியும். உலோகமும் கைவிடக்கூடும். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால், பெட்டியைவிட்டு எடுக்காத இன்ஜினின் அடிச்சட்டம்கூடக் காலப்போக்கில் உப்பி, வெடித்து, கையில் பொடியாக உதிரும். மூத்த சேகரிப்பாளர்கள் காலமான பிறகு அவர்களுடைய மொத்தச் சேகரிப்பும் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வந்து விலையை இறக்குவதும் உண்டு. கண்காட்சியின் பழைய பொருள் மேசைகளில் ஒரு மணி நேரம் செலவிட்டு, உங்களிடம் இருப்பவை அங்கே என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று பாருங்கள். அந்த விலைகளை மனைவியிடமும் காட்டுங்கள். மகிழ்ச்சிக்காகச் செய்யும் செலவு என்று நேராகச் சொன்னால் அவர் மறுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களிடம் உள்ள ஒவ்வொரு மாடலும் எது, எப்போது எவ்வளவுக்கு வாங்கியது என்று ஒரு பட்டியல் எழுதி அவரிடம் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். காப்பீட்டுக்கும் அது வேண்டியிருக்கும்.

இந்தக் கண்காட்சிக்கு கிரெடிட் கார்டை எடுத்துச் செல்லாதீர்கள். நோட்டுப் புத்தகமும் கேமராவும் போதும். பிடித்ததையெல்லாம் எழுதி வாருங்கள். திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்துப் பதிவு செய்யலாம், பெரும்பாலான பதிவுகள் அதற்குள் மூடப்படுவதில்லை. ஆனால் கார்டு பாக்கி தீரும்வரை புதிய பதிவு எதுவும் வேண்டாம். தீர்ந்த பிறகும், ஒன்று வந்து சேர்ந்தால்தான் இன்னொன்று என்று நிலுவையை நான்குக்குள் வைத்திருங்கள். மாதாமாதம் அந்த 10 சதவீதத்தைச் சம்பளம் வந்த நாளிலேயே தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.