கன்னத்து மங்குக்கு ஆசிட் வைக்கலாமா?

கேள்வி: வயது 44. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருபது வருடமாக வெயிலில்தான் வேலை. இரண்டு கன்னத்திலும் மங்கு. இணையத்தில் 50 விழுக்காடு டி.சி.ஏ. என்று சின்ன பாட்டில் ஒன்று வாங்கினேன். நேற்று முன்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். எரிந்து, அந்த இடம் வெள்ளையாகிவிட்டது. முகத்தில் பூசலாமா? இதே ஆசிட் குழாய்த் தண்ணீரிலும் இருக்கிறது என்கிறாள் மகள். நிஜமா?

பதில்: முகத்தில் வைக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் கட்டிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். டி.சி.ஏ., அதாவது ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலம், தோலில் உள்ள புரதத்தை ஏறக்குறைய அப்படித்தான் உறைய வைக்கிறது. கையில் நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். ஆய்வுக்கூடத்தில் புரதத்தைத் தனியே பிரித்தெடுக்கவும் இதையே ஊற்றுகிறார்கள்.

மருந்தாகவும் இது நல்ல பொருள்தான். பிறப்புறுப்பு மருக்களுக்கு 80, 90 விழுக்காட்டில் குச்சி நுனியால் தொட்டு வைக்கிறோம், கர்ப்பிணிகளுக்குக்கூட வைக்கலாம். ஆனால் முகத்தின் மேல்தோலை உரிக்க 10 முதல் 35 விழுக்காடு வரைதான். 50 என்றால் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, தழும்பு விழும். நம் மாநிறத்துக்கு இன்னொரு கஷ்டம்: புண் ஆறினாலும் அந்த இடம் கறுத்துப்போகும். மங்கைப் போக்க இதைப் பூசி, மங்கைவிடக் கறுத்த கன்னத்தோடு வந்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கறுப்பு மங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

மகள் சொல்வது உண்மை. ஆற்று நீரில் ஊறிய இலை தழைச் சத்தோடு குளோரின் சேரும்போது இது கொஞ்சம் உண்டாகிறது. உலர்சலவைக்கு (டிரை கிளீனிங்) பயன்படும் கரைப்பான் காற்றில் சிதைந்தும் உருவாகி, மழையோடு இறங்கும். சுண்டெலிகளில் கல்லீரல் கட்டி உண்டாக்கியதால், மனிதருக்கும் புற்றுநோய் தரக்கூடும் என்ற வரிசையில் வைத்திருக்கிறார்கள். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் பாட்டிலில் இருப்பது அதைப்போல 25 லட்சம் மடங்கு! பயந்துகொண்டு குளோரின் போடாத கிணற்றுத் தண்ணீருக்குப் போய்விடாதீர்கள். டைபாய்டும் காலராவும் அதைவிடப் பக்கத்தில் நிற்கின்றன. மனசு கேட்கவில்லை என்றால் கரி வடிகட்டி வைத்துக்கொள்ளலாம்.

சரி, மங்குக்கு என்ன செய்வது? அகல விளிம்புத் தொப்பி, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். வேலை நேரத்தில் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூசுங்கள். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அதனாலும் மங்கு வரும். களிம்பை அவர் பார்த்து எழுதித் தரட்டும்.

கையில் வெள்ளையான இடம் இன்னும் சில நாளில் பழுப்புப் பொருக்காகும். பிய்க்காதீர்கள். வாசலின் தடவி, வெயில் படாமல் மூடி வையுங்கள். சீழ் கட்டினாலோ சிவப்பு பரவினாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள், அந்தப் பாட்டிலையும் மூடியை இறுக்கிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.